மின்னலுக்கு அரிசியளவு இடம்

அந்தக் காலத்தில் மின்னல் ஒரு மலை உச்சியில் குடியிருந்தது. இரும்புக்கும் பேச்சு உண்டு.

மலைக்குக் கீழே ஒரு கரட்டு ஊர். ஊருக்கு ஒரே கிணறு. கிணற்று உருளையைத் தாங்கிய இரும்புத் தண்டு நடுக்கோடையில் இரண்டாக முறிந்துபோனது. கயிற்றைக் கல்லின் மேல் போட்டுத் தண்ணீர் இழுத்தார்கள். கல் அறுத்து அறுத்து ஊரில் இருந்த கயிறெல்லாம் தீர்ந்து, கடைசிக் கயிறும் நைந்துவிட்டது. கொல்லர் தண்டை உலையில் வைத்துப் பார்த்தார். அந்தப் பருமனுக்கு அடுப்புச் சூடு பத்தவில்லை.

ஒச்சம்மா என்கிற பெண் இடுப்பில் பிள்ளையோடு மலையடிக்குப் போய், தண்டை ஒட்டவைத்துத் தரச் சொல்லி மின்னலைக் கூப்பிட்டாள். அவளுக்குச் சத்தமாகப் பேச வராது. மூன்றாவது தடவைதான் அதற்குக் கேட்டது.

மின்னல் உச்சியில் நின்றபடியே, ஊரில் கிடந்த தண்டின் மேல் ஒரு வெட்டு வெட்டியது. ஊரே வெளுத்தது, ஆடுகள் சிதறி ஓடின. ஆனால் தண்டைத் தொட்டால் வெயிலில் கிடந்த சூடுதான். மற்றதெல்லாம் வழியிலேயே காற்றோடு போயிருந்தது.

"சத்தம் மட்டும் குறைச்சலில்ல" என்றது முறிந்த தண்டு.

மின்னலுக்கு ரோஷம் வந்துவிட்டது. இறங்கி வந்து தண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டது. அப்போதும் முறிவு உருகவில்லை. காற்றில் தாண்டிக் குதித்தால்தான் மின்னலுக்குச் சூடு; அதற்கு இடமே இல்லாததால் இரும்புக்குள் ஓடி மண்ணுக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது. விலகப் பார்த்தது, முடியவில்லை.

"தங்கச்சி, என்னைப் பிரிச்சு விடு. இப்படியே போனா மண்ணுக்குள்ள தீர்ந்துருவேன்."

ஒச்சம்மா பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்தாள். காய்ந்த கவைக்கம்பு ஒன்றை எடுத்து மின்னலை நெம்பினாள். ஓர் அரிசி அளவுக்கு விலகியது. அவ்வளவுதான். அந்த இடுக்கில் கண் கூசிப் பார்க்க முடியாத வெளிச்சம். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரும்பு வெல்லப்பாகு மாதிரி இளகியது.

இன்னும் கொஞ்சம் விலக்கினால் சுடர் நீண்டு அறுந்தது. ஒரே இடத்தில் நிறுத்தினால் ஓட்டை விழப் பார்த்தது. காற்று வீசினால் தடுமாறியது. பெண்கள் பாயை விரித்து மறைத்து நிற்க, ஒச்சம்மா முறிவு நெடுக மெல்ல நகர்த்தினாள். தண்டு ஒட்டிக்கொண்டது. சாயங்காலம் உருளை சுற்றி, நிறைவாளி மேலே வந்தது.

மின்னல் பாதியாக இளைத்திருந்தது. "எட்டி நின்னா வழியில செலவாயிடுறேன், ஒட்டினா உள்ள காணாமப் போயிடுறேன். எனக்கு இந்த அரிசியளவு இடந்தான் போல" என்றது. அடுத்த தடவை அந்த இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பாய் என்று ஒச்சம்மாவைக் கேட்டது.

"ஒருக்கா தொட்டுப் பாத்துட்டு விலகிக்கிறேண்ணே. தொட்டாத்தான தூரம் தெரியும்?"

அன்று முதல்தான் பட்டறையில் வெல்டிங் குச்சியை இரும்பில் ஒரு தட்டுத் தட்டி, உடனே அரிசியளவு தூக்கிப் பிடிக்கிறார்கள். தூக்கத் தாமதித்தால் குச்சியில் இருக்கிற மின்னல் பழையபடி ஒட்டிக்கொண்டு, யாராவது பிரித்துவிடும் வரை பயத்தில் உறுமுகிறது.