பல்லக்குத் தூக்கி சொன்ன மருந்து

நாலு படி ஏறினாலே ஜமீன்தார் மருதப்பருக்கு நெஞ்சு படபடக்கும். அவருக்கு வயது அறுபத்தெட்டு. அவர் பல்லக்கைத் தூக்கும் வேலாண்டிக்கும் அதே வயதுதான். ஆனால் அவரை மலைக்கோயில் வரை சுமந்துபோனாலும் அவனுக்கு மூச்சு வாங்காது.

“அப்படி என்னடா மருந்து தின்கிறே? நாளைக் காலையில் எனக்கும் அது வரணும். இல்லேன்னா சவுக்கடிதான்!” என்று உறுமினார் ஜமீன்தார்.

விடிந்ததும் வேலாண்டி அரண்மனைக்கு வந்தான். நேராகப் பல்லக்கில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

“இறங்குடா! மருந்து எங்கே?”

“இந்தப் பல்லக்குதானுங்க சாமி நான் தின்ன மருந்து. நாப்பது வருஷமாத் தூக்குறேன். இன்னிக்கு உங்க முறை, தூக்குங்க!”

வாசலில் நின்றவர்கள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஜமீன்தார் பல்லக்குக் கம்பைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார்.

“தூக்கவெல்லாம் முடியாது. நடந்து வேணும்னா வர்றேன்” என்றார்.

ஆறே மாதத்தில் அவருக்குப் படபடப்பு நின்றது. பல்லக்கில் கோழி அடைகாத்தது.