செங்கமேட்டு ரயில்வே கேட்

தமயந்திக்கு அநியாயம் நடந்திருந்தது. செங்கமேட்டுச் சாலையின் குறுகலான வளைவை அகலப்படுத்த வேண்டும் என்று எட்டு மாதம் வெயிலில் நின்று அவள் எழுதிய அறிக்கையை, சாலைக் குழு எட்டே நிமிடத்தில் ஒதுக்கிவிட்டது.

நேராகத் தன் பேராசிரியர் ஆக்னஸின் அறைக்குப் போனாள். அவளைவிட ஏழு வயதுதான் மூத்தவர். பேச்சில் மட்டும் மகா கருமி.

"சிரிச்சாங்க மேடம்!"

"என்ன சொல்லி?"

"'வளைவுல மணிக்கு 386 வண்டி. வளைவைத் தாண்டி நேர் ரோட்டுல 384. ரெண்டும் ஒண்ணுதானே? வளைவு எதை மறிச்சுது? பாவம், அது மேல ஏம்மா பழி போடுற?'ன்னு."

"அந்த ரெண்டு வண்டி?"

"டீக்கடையில நின்னிருக்கும். அதுவா மேடம் இப்ப முக்கியம்? என் எண்ணிக்கையில தப்பே இல்லை. நாளைக்குக் காலையில பதில் சொல்லலைன்னா ஃபைலை மூடிடுவாங்க!"

ஆக்னஸ் ஹெல்மெட்டை எடுத்தார்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வளைவில் ஒரு கரும்பு லாரி திரும்பிக்கொண்டிருந்தது. பாரம் பிதுங்க, சாலை முழுவதையும் அதுவே எடுத்துக்கொண்டது. எதிரே வந்த பஸ் ஒதுங்கி நின்றது.

"எங்க நின்னு எண்ணினே?"

தமயந்தி வளைவிலேயே இருந்த டீக்கடையைக் காட்டினாள். பிறகு, வளைவைத் தாண்டித் தூரத்தில் ஒரு புளியமரத்தை.

ஆக்னஸ் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. வண்டிகள் வரும் திசையில் நடந்தார். லாரி, வேன், டிராக்டர், மறுபடி லாரி. எல்லாம் நின்றுகொண்டிருந்தன.

"இந்தப் பக்கம் நான் எண்ணலை மேடம். எதுவுமே ஓடலையே, எதை எண்ணுறது?"

ஆக்னஸ் நடந்துகொண்டே இருந்தார்.

வரிசையின் கடைசியில் ஒரு பால் வண்டி. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுத் தலையை நீட்டினார்.

"ஏம்மா, முன்னாடி ரயில்வே கேட்டா?"

அந்த வட்டாரத்தில் தண்டவாளமே கிடையாது.

தமயந்தி வளைவு வரை நின்ற வரிசையைத் திரும்பிப் பார்த்தாள்.

ஆக்னஸ் அவள் கையிலிருந்த எண்ணும் கருவியை வாங்கி, பூஜ்யத்துக்குத் திருப்பி, அவள் கையிலேயே வைத்தார்.

மறுநாள் காலை குழுத் தலைவர் கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டார்: "அதே 386, அதே 384தானேம்மா?"

"கூட ஒரு 571 சார். வளைவுக்கு முன்னாடி, வரிசையோட வால்ல ஒரு மணி நேரத்துல வந்து சேர்ந்த வண்டி. அதே ஒரு மணி நேரத்துல வளைவு வெளிய விட்டது 386தான்."

"மிச்சமெல்லாம் அங்க ஏன் நிக்குது?"

"பால் வண்டிக்காரரும் அதைத்தான் கேட்டார் சார். செங்கமேட்டுல ரயில்வே கேட் எப்ப போட்டீங்க?"