மகிழம்பூ மாலின் சூழல் அதிகாரி

இதை நான் கண்ணால் பார்க்கவில்லை. எனக்குச் சொன்னவர் அந்த மாலின் மூன்றாவது மாடியில் சோளப்பொரி விற்றவர். அவருக்கே பாதிக் கதை, கீழே செருப்புக்கடையில் இருந்த மச்சான் சொல்லித்தான் தெரியும். ஆகவே எங்காவது மிகையாகப் பட்டால் மச்சானைத்தான் கேட்க வேண்டும். ஒன்றை மட்டும் நானே போய்ச் சரிபார்த்தேன். அதை அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

திருச்சிக்கும் கரூருக்கும் நடுவில் ஓர் ஊர். அங்கே மகிழம்பூ நிறுவனத்தின் ஏழாவது மால். அறுபத்திரண்டு புளியமரங்களை வெட்டிவிட்டுக் கட்டியது என்பதால் நிறுவனத்துக்கு மரங்கள் மீது தனிப் பாசம். அந்தப் பாசத்தில் சென்னைத் தலைமை அலுவலகம் 'பசுமைக் கையேடு' என்று ஒரு புத்தகம் போட்டது. வழவழப்பான தாளில் எண்பத்து நாலு பக்கம். முதல் பக்கத்தில், 'ஒரு வரியையும் விடாமல், ஒரு வரியையும் கூட்டாமல் பின்பற்றவும்' என்று இருந்தது. கடைசியில் நாற்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். பதினைந்தாம் தேதி ஆய்வாளர் வருவார். நாற்பதும் 'ஆம்' என்றால் வாசலில் பச்சைப் பலகை மாட்டுவார்கள். ஒன்று குறைந்தாலும் சூழல் அதிகாரியை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

சூழல் அதிகாரியின் பெயர் இலக்கியா. ஆறு மாதத் தற்காலிக வேலை, அதில் ஐந்தரை மாதம் முடிந்திருந்தது. அவள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். மகளுக்கு வேலை கிடைத்த மறுநாளே ஆட்டோவின் பின்பக்கம் மஞ்சள் பெயின்டில், 'மகள் மாலில் சூழல் அதிகாரி' என்று எழுதிவிட்டார். அந்த ஆட்டோவை முந்த முடியாமல் பின்னால் போன அத்தனை பேருக்கும் விஷயம் தெரியும். இலக்கியா கையேட்டைத் திறக்கும்போதெல்லாம் அந்த மஞ்சள் எழுத்துதான் கண்முன் வந்தது. வேலை போனால் வேறு வேலை தேடலாம். பெயின்டை என்ன செய்வது?

ஆனாலும் அவள் பொய் எழுத மாட்டாள். மற்ற ஆறு மால்களில் யாரும் படாத கஷ்டத்தை அவள் பட்டதற்கு அதுதான் காரணம்.

பசுமைக் குழுவில் அவளோடு மூன்று பேர். மேலாளர் வைரவன், அடுத்தவர் சொன்னதைக் கொஞ்சம் பொறுத்துத் தானே கண்டுபிடித்ததுபோல் சொல்பவர். பராமரிப்புக்குச் சூசைமாணிக்கம், எதைக் கேட்டாலும் “பண்ணிடலாம்” என்பவர். துப்புரவு மேற்பார்வைக்கு மெஹருன்னிசா அக்கா. குழுவிலேயே அறிவாளி என்று அவருக்குப் பெயர், ஏனென்றால் மற்றவர்கள் பேசும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டிருப்பார்.

“ஏழாவது கேள்வி சார்,” என்று இலக்கியா வாசித்தாள். “ஆள் இல்லாமல் எஸ்கலேட்டர் ஓடுவதைத் தவிர்த்திருக்கிறீர்களா?”

“காலையில நம்ம எஸ்கலேட்டர்ல ஈ, காக்கா கிடையாதே,” என்றார் வைரவன்.

“அந்த நேரம் நிறுத்திடலாமா சார்?”

“நிறுத்தச் சொல்லி எழுதியிருக்கா?”

அவள் மறுபடி பார்த்தாள். “இல்ல சார். ஆள் இல்லாம ஓடக் கூடாதுன்னு மட்டும்தான்.”

“அப்ப ஆளை ஏத்து. வரியைக் கூட்டாதே.”

“பண்ணிடலாம்,” என்றார் சூசைமாணிக்கம்.

வாசல் காவலாளி தனுஷ்கோடியைக் காலை பத்து மணிக்கு எஸ்கலேட்டரில் ஏற்றினார்கள். மேலே போனார், இன்னொன்றில் இறங்கினார், மறுபடி ஏறினார். மூன்றாவது சுற்றில்தான் இலக்கியாவுக்குச் சிக்கல் புரிந்தது. தனுஷ்கோடி ஏறும்போது இறங்குகிற எஸ்கலேட்டர் காலி.

“அதுல துணிக்கடை பொம்மையை நிறுத்துவோம்,” என்றார் சூசைமாணிக்கம். “பட்டுப்புடவை கட்டி நிறுத்தினா யாருக்கு வித்தியாசம் தெரியப்போவுது?”

“பொம்மை ஆள் இல்லையே அண்ணே.”

மெஹருன்னிசா அக்கா கண்ணைத் திறந்தார். “இலக்கியா கண்ணு சொல்றது சரி. இன்னிக்கு அதை ஆளுன்னு எழுதுவீங்க. நாளைக்கு அது லீவு கேட்டா?”

எல்லாரும் கொஞ்ச நேரம் அதை நினைத்துப் பார்த்தார்கள். பிறகு இன்னொரு காவலாளியையும் ஏற்றினார்கள். மாலில் இருந்ததே இரண்டு காவலாளிகள். நான்காம் நாள் தனுஷ்கோடி தன் வீட்டு வாசற்படியில் காலை வைத்துவிட்டு, அது மேலே கொண்டுபோகும் என்று கால்மணி நேரம் நின்றதாக மச்சான் சொல்கிறார்.

வாசலில் காவல் இல்லாததால் ஐந்தாம் நாள் ஒரு மாடு வந்தது. தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவு அதற்கும் மரியாதையாகத் திறந்தது. செவலை நிறம், ஒரு கொம்பு சற்றே வளைந்தது. உள்ளே குளிர்ச்சியாக இருக்கவே நின்று நிதானமாகச் சுற்றிப் பார்த்தது. அலங்காரத்துக்கு வைத்திருந்த ஐம்பது தொட்டிச் செடிகளில் முப்பத்தொன்றை மதியத்துக்குள் தின்று முடித்தது.

“விரட்டு, விரட்டு,” என்று ஓடிவந்தார் வைரவன்.

இலக்கியாவுக்கு அழுகை வந்தது. ஆனாலும் கையேட்டைப் புரட்டினாள். “சார், பத்தொன்பதாவது கேள்வி. வளாகத்தில் மனிதரும் செடியும் தவிர வேறு உயிர்கள் வாழ்கின்றனவா? கீழே குறிப்பு இருக்கு. இருக்கும் உயிர்களின் எண்ணிக்கை குறையக் கூடாதாம்.”

ஐந்து மாதமாக அந்தக் கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லை. உணவுக்கடைப் பக்கம் கரப்பான்பூச்சிகள் இருந்தன. ஆனால் அவை இருக்கக் கூடாது என்று இருபதாவது கேள்வி சொன்னது.

“அப்ப விரட்டாதே,” என்றார் வைரவன். “ஒரு மாடு. ஆம்னு போடு.”

“பதினெட்டாவது கேள்வி இடிக்குது சார். மாலுக்குள்ள ஐம்பது செடி இருக்கணும்.”

“செடி இப்ப எங்கே இருக்கு?”

“மாட்டுக்குள்ள சார்.”

“மாடு எங்கே இருக்கு?”

“மாலுக்குள்ள.”

“அப்புறம் என்ன?”

இலக்கியா வெகு நேரம் யோசித்தாள். இதில் பொய் எங்கே இருக்கிறது என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. 'ஆம்' என்று போட்டு, பக்கத்தில் சிறிய எழுத்தில் 'முப்பத்தொன்று இடம் மாறியுள்ளன' என்று எழுதினாள்.

மாடு வந்த வேளை, கேள்விகள் ஒவ்வொன்றாக அடங்கின. உணவுக்கடைகளின் வாழை இலையையும் மிச்சச் சாதத்தையும் அது தின்றது. இருபத்தைந்தாவது கேள்வி, உணவுக் கழிவு வளாகத்திலேயே பயன்படுகிறதா: ஆம். வெளியே இருந்த புல்லையும் மேய்ந்தது. இருபத்தாறாவது, மின்சாரம் இல்லாமல் புல்வெளி பராமரிக்கப்படுகிறதா: ஆம்.

மாடு வந்த மூன்றாம் நாள் அதன் சொந்தக்காரி செல்லாயி தேடி வந்துவிட்டார்.

“என் செவலையை அடைச்சு வச்சிருக்கீங்களாமே. என்னய்யா நியாயம் இது?”

வைரவனுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. “குறையா? குறை சொல்ல வந்தீங்களா? இலக்கியா, முப்பத்துமூணு!”

முப்பத்துமூன்றாவது கேள்வி: 'சுற்றுவட்டார மக்களின் குறைகளைக் கேட்கிறீர்களா?' அதற்காகவே வாசலில் ஒரு பெட்டி வைத்திருந்தார்கள். ஐந்து மாதத்தில் அதில் விழுந்தது ஒரு பஸ் டிக்கெட் மட்டும். செல்லாயியை நாற்காலியில் உட்காரவைத்து, டீ கொடுத்து, குழு முழுவதும் எதிரே கைகட்டி நின்று கேட்டது. சூசைமாணிக்கம் போட்டோ எடுத்தார்.

“கேட்டாச்சும்மா. ரொம்ப நன்றி. போய்ட்டு வாங்க,” என்றார் வைரவன்.

“மாடு?”

“கேக்கறீங்களான்னுதாம்மா கேள்வி. குடுக்கறீங்களான்னு கேக்கலை.”

செல்லாயி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார். இலக்கியாதான் குறுக்கே புகுந்து, காலையும் மாலையும் வந்து பால் கறந்துகொண்டு போகலாம், தீனி மாலுடையது என்று சமாதானம் சொன்னாள். செல்லாயி ஏசிக்குக் கீழே அசைபோட்டுக்கொண்டிருந்த மாட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“நடுவுல கரண்டு போச்சுன்னா ஆள் அனுப்பு பொண்ணு. செவலைக்கு வேர்க்கும்,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மிச்சம் இருந்தது இருபத்தெட்டாவது கேள்வி மட்டும். மழைநீர்த் தொட்டி நிரம்பியுள்ளதா? ஊரில் நான்கு மாதமாக ஒரு தூறல் இல்லை. ஆய்வுக்கு இரண்டு நாள் இருந்தது.

“லாரித் தண்ணியை ஊத்திடலாம்,” என்றார் சூசைமாணிக்கம்.

“அது லாரித் தண்ணி அண்ணே. மழைத் தண்ணின்னு நான் எப்படி எழுதறது?”

“மழைன்னா என்ன?” என்று கேட்டார் வைரவன். இதுவரை யாரும் அவர்களிடம் அதைக் கேட்டதில்லை.

“மேல இருந்து விழணும்,” என்றாள் இலக்கியா.

“லாரித் தண்ணியை மொட்டை மாடிக்கு ஏத்தி, தீயணைக்கிற குழாயால கூரை மேல அடிச்சா மேல இருந்துதானே விழும்?” என்றார் சூசைமாணிக்கம்.

“பத்தாது,” என்றார் மெஹருன்னிசா அக்கா. “மழைன்னா நாலு பேர் நனையணும். ஒருத்தரும் நனையாம தொட்டி மட்டும் நிறைஞ்சா அது பைப்பு.”

“வாசல் பக்கமாவும் அடிக்கறேன்.”

“சொல்லாம வரணும்,” என்றார் வைரவன். “நாலு மணிக்கு வரேன்னு சொல்லிட்டு வந்தா அது லாரி. எங்களுக்குத் தெரியக் கூடாது. உனக்கும் தெரியக் கூடாது.”

“அடிக்கிறவன் நான். எனக்கு எப்படிங்க தெரியாம இருக்கும்?”

“மேகத்துக்குத் தெரியுமா?”

சூசைமாணிக்கம் முதல்முறையாகப் 'பண்ணிடலாம்' என்று சொல்லத் தயங்கினார். பிறகு அவருக்கே வழி தோன்றியது. “எனக்குத் தூசு ஆகாது. எப்பத் தும்மல் வரும்னு எனக்கே தெரியாது. தும்மல் வந்தா திறந்துவிடறேன்.” இதில் குறை சொல்ல யாருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. அன்றும் மறுநாளும் அவர் மொட்டை மாடியில் குழாயும் கையுமாக உட்கார்ந்தார். இரண்டு முறை மழை பெய்தது. தொட்டி பாதி நிறைந்தது.

பதினைந்தாம் தேதி ஆய்வாளர் நிரஞ்சன் வந்தார். கையில் கேள்விகள் ஏற்றிய டேப்லெட், காலில் புது ஷூ. எஸ்கலேட்டரில் ஏறியும் இறங்கியும் கொண்டிருந்த இரண்டு காவலாளிகள் ஒவ்வொரு சுற்றிலும் அவருக்கு சல்யூட் அடித்தார்கள். மாட்டைப் பார்த்து ஒரு கணம் நின்றார். பிறகு டேப்லெட்டைப் பார்த்தார். மாடு இருக்கக் கூடாது என்று அதில் எங்கும் இல்லை. நடந்தார். வாசலுக்கு வந்தபோது முப்பத்தொன்பது 'ஆம்' ஆகியிருந்தது.

“மழைநீர்த் தொட்டி நிரம்பியிருக்கா?”

“பாதி சார்,” என்றாள் இலக்கியா. “மீதி வந்துடும்.”

“எப்ப வரும்?”

“தெரியாது சார்,” என்றார் வைரவன் பெருமையாக. “தெரிஞ்சா மழை இல்லை.”

நிரஞ்சனின் விரல் 'இல்லை' கட்டத்தின் மேல் போய் நின்றது. இலக்கியாவுக்கு மஞ்சள் எழுத்து கண்முன் வந்தது. மேலே எங்கோ ஒருவர் பெரிதாகத் தும்மினார்.

அந்த ஊரில் அப்படி ஒரு மழையை யாரும் பார்த்ததில்லை என்கிறார் மச்சான். சுள்ளென்று வெயில் அடிக்க, ஆய்வாளர் நின்ற இடத்தில் மட்டும் கொட்டியது. தும்மல் தொடர்ந்து பதினோரு முறை வந்ததால் தொட்டியும் நிரம்பி வழிந்தது. நிரஞ்சன் மூக்கு நுனியில் நீர் சொட்ட அண்ணாந்து பார்த்தார். வானத்தில் மேகம் இல்லை. டேப்லெட்டைத் துடைத்துப் பார்த்தார். மேகத்தைப் பற்றிக் கேள்வி இல்லை. 'ஆம்' என்று தொட்டார்.

பச்சைப் பலகை மாட்டினார்கள். மறுவாரம் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. '19, 25, 26, 33 ஆகிய கேள்விகளில் நம் ஏழு மால்களிலும் உங்கள் மாலே முதலிடம். இவற்றைச் செய்த பணியாளரைச் சூழல் அதிகாரியாக நிரந்தரமாக்குகிறோம். அவருடைய விவரத்தை இத்துடன் உள்ள படிவத்தில் நிரப்பி அனுப்பவும்.'

“உன் பேரை எழுது இலக்கியா,” என்றார் வைரவன். “இனிப்பு வாங்கிட்டு வரச் சொல்லவா?”

அவள் பேனாவைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். “சார், இந்த நாலையும் நான் செய்யலையே.”

“பின்னே யார் செஞ்சது?”

எல்லாரும் கண்ணாடிக் கதவுப் பக்கம் திரும்பினார்கள்.

“அப்பா ஆட்டோவில எழுதி வச்சிருக்காரே கண்ணு,” என்றார் மெஹருன்னிசா அக்கா மெதுவாக.

“தெரியும் அக்கா,” என்று சொல்லிவிட்டு இலக்கியா நிரப்பினாள். பெயர்: செவலை. தந்தை பெயர்: காங்கேயம் காளை, மேல்விவரம் தெரியவில்லை. கல்வித் தகுதி: இல்லை. முன் அனுபவம்: தெருவில் ஐந்து ஆண்டு.

தலைமை அலுவலகத்தில் படிவங்களைப் படிக்கும் வழக்கம் இல்லை, எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். பத்தே நாளில் 'செல்வி செவலை அவர்களுக்கு' என்று நிரந்தர ஆணை வந்தது. அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். மாடு அட்டையின் நாடாவைத் தின்றது. வருகைப்பதிவு இயந்திரத்தில் விரல் ரேகை வேண்டும் என்றபோது சூசைமாணிக்கம் “பண்ணிடலாம்” என்று சொல்லி மூக்கு ரேகையைப் பதித்தார். நிரந்தர அதிகாரிகளுக்கு உதவிக்கு ஓர் ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று ஆணையின் கடைசி வரி சொன்னது. இலக்கியா அந்த வேலையில் சேர்ந்தாள். காலை பத்து மணிக்கு அதிகாரியின் மூக்கை இயந்திரத்துக்கு நேராகப் பிடிக்க வேண்டும்.

இதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. போன மாதம் கரூர் போகிற வழியில் அந்த ஊரில் இறங்கி, ஷேர் ஆட்டோ நிற்கிற இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். 'மகள் மாலில் சூழல் அதிகாரி' என்பது பழைய மஞ்சளில் அப்படியே இருக்கிறது. அதன் பின்னால் கொஞ்ச இடத்தில் நெருக்கி, புது வெள்ளைப் பெயின்டில், 'யின் உதவியாளர்' என்று அப்பா சேர்த்திருக்கிறார்.