இரண்டாம் டிகாஷன்

திண்டுக்கல்லில் ஒரு மாடி வீட்டுச் சமையலறையில் எவர்சில்வர் ஃபில்டர் ஒன்று இருந்தது. இரண்டு அடுக்கு, மேலே ஒரு மூடி, உள்ளே பொடியை அழுத்தி வைக்க ஒரு குடை. அவ்வளவுதான் ஆள். ஆனால் அதற்கு இருந்த மிடுக்கு கலெக்டருக்குக்கூட இருக்காது.

காரணம், அந்த வீட்டில் அது மனசு வைத்தால்தான் விடியும். ஐந்தே காலுக்கு மங்கையர்க்கரசி வந்து பொடி போடுவாள், கொதிக்கிற தண்ணீரை ஊற்றுவாள், பக்கத்திலேயே நிற்பாள். அவள் தனியார் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர். ஒரு பார்வை பார்த்தால் ஐம்பது பிள்ளைகள் அடங்கிவிடுவார்கள். ஃபில்டர் மட்டும் அடங்காது. தன் இஷ்டத்துக்கு ஒரு சொட்டு, சற்று யோசித்து இன்னொரு சொட்டு என்று இறக்கும்.

"என்னை யாரும் அவசரப்படுத்த முடியாது" என்று அது அடிக்கடி சொல்லிக்கொள்ளும்.

"யாரும் உன்னைக் கேக்கலையே" என்று பால் பாத்திரம் பதில் சொல்லும்.

மங்கையின் கணவர் ஏகாம்பரம் டைல்ஸ் கடை வைத்திருந்தார். தங்கமான மனுஷன். அதட்டிப் பேச மாட்டார், சாப்பாட்டில் குறை சொல்ல மாட்டார். ஹாலில் உட்கார்ந்து பேப்பரை விரித்துக்கொண்டு, "மங்கை, காபி" என்று மெதுவாகத்தான் சொல்வார். இருபத்திரண்டு வருஷமாக அந்தக் குரல் உயர்ந்ததே இல்லை. உயர வேண்டிய அவசியமும் வந்ததில்லை. காபி தானாக அவரிடம் போய்ச் சேர்ந்துவிடும்.

ஒரு நாள் மதியம் ஏகாம்பரம் ஒரு பெரிய அட்டைப் பெட்டியோடு வந்தார். அந்த வருஷம் அதிகமாக விற்ற கடைக்காரர்களுக்கு டைல்ஸ் கம்பெனி கொடுத்த பரிசு. பிரித்தால், கறுப்பாகப் பளபளவென்று ஒரு காபி மிஷின். கூடவே ஒரு பெட்டி நிறைய வண்ண வண்ணக் குப்பிகள், ஒவ்வொன்றும் கட்டை விரல் நுனி பருமன்.

"தொடாதே மங்கை, இது டெலிகேட்டான சாமான்" என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கூடவே வந்த புத்தகத்தை மூன்று தடவை படித்தார். தன் கல்யாணப் பத்திரிகையைக்கூட அவர் இவ்வளவு கவனமாகப் படித்திருக்க மாட்டார்.

மிஷின் மேடையில் வந்து உட்கார்ந்ததும் எல்லோரையும் பார்த்து, "வணக்கம் சார், வணக்கம் மேடம்" என்றது.

ஃபில்டருக்குத் தன்னை ஒருவர் சார் என்று கூப்பிட்டது உள்ளூரப் பிடித்திருந்தது. இருந்தாலும் காட்டிக்கொள்ளவில்லை.

"தம்பிக்கு என்ன வேலை?"

"காபி போடுறது சார்."

"எவ்வளவு நேரத்துல?"

"அரை நிமிஷம்."

ஃபில்டர் சிரித்தது. "அரை நிமிஷத்துல கை கழுவலாம்ப்பா. காபி போட முடியாது."

"பொடி யார் போடுவாங்க?" என்று மங்கையின் டம்ளர் கேட்டது. அது விளிம்பு நசுங்கிப்போன பழைய டம்ளர். நல்ல டம்ளர்களை விருந்தாளிகளுக்கு ஒதுக்கிவிட்டு, மங்கை இதை வைத்துக்கொண்டிருந்தாள்.

"பொடி குப்பிக்குள்ளயே இருக்கு மேடம். எப்ப அரைச்சதுன்னு எனக்கே தெரியாது. அடைச்சுத்தான் அனுப்புறாங்க."

"பாவம், ஊறுகாய் மாதிரி" என்றது பால் பாத்திரம்.

அன்று சாயங்காலம் முதல் காபி இறங்கியது. மிஷின் கர்ரென்று உறுமிற்று. மேடையே அதிர்ந்தது. ஏகாம்பரம் இரண்டு கையையும் முட்டியில் ஊன்றிக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். உறுமல் நின்றது. கோப்பையின் அடியில் நான்கு மடக்கு தேறும்.

"இவ்வளவுதானா?" என்றார்.

அவர் அதில் பாலை ஊற்றியதும் அது காபி நிறத்திலிருந்து மெல்ல விலகிப் போயிற்று. மங்கையின் தம்பி வேலவமூர்த்தியை வரவழைத்துக் கொடுத்தார். அவன் குடித்துவிட்டு வெகு நேரம் யோசித்தான்.

"நல்லாத்தான் இருக்கு மாமா. ஆபரேஷன் முடிஞ்சு மூணாம் நாள் குடுப்பாங்களே, அந்த மாதிரி."

ஃபில்டர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் அதன் மூடியே நழுவியது. "ஒரு வாரம் தாங்காது" என்று பால் பாத்திரத்திடம் பந்தயம் கட்டியது.

ஆனால் ஏகாம்பரம் விடவில்லை. தினமும் ஆறு மணிக்குச் சமையலறைக்கு வந்தார். தொட்டியில் தண்ணீர் ஊற்றினார், குப்பியைப் போட்டார், பட்டனை அமுக்கினார். முதல் இரண்டு நாள், "மங்கை, பால் மட்டும் சுட வச்சுக் குடு" என்றார். மூன்றாம் நாள் அவள் குளித்துக்கொண்டிருந்ததால் தானே வைத்தார். பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. நான்காம் நாள் பால் பொங்கும் வரை அடுப்பை விட்டு நகராமல் நின்றார். ஆற்றங்கரையில் மீனுக்குக் காத்திருக்கும் கொக்கைப் போல இருந்தது என்று பால் பாத்திரம் சொன்னது.

குப்பைக் கூடைக்குத்தான் தலைவலி. காலிக் குப்பிகளை அடிக்கொரு தரம் எண்ணிப் பார்த்து, "இது மக்குற குப்பையா, மக்காத குப்பையா?" என்று கேட்டது. உள்ளே காபிச் சக்கை, வெளியே தகடு. யாருக்கும் தெரியவில்லை. குப்பை வாங்க வரும் அம்மாவும் ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "என்னக்கா இது, மாத்திரையா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அந்த ஐந்து நாளும் ஃபில்டர் காய்ந்து கிடந்தது. மங்கை அதைத் தொடவே இல்லை. தனக்கென்று காபியும் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு ஆளுக்காக எதுக்கு டிகாஷன் என்று வெறும் பாலை ஒரு மடக்கு குடித்துவிட்டுப் பள்ளிக்கு ஓடினாள்.

"பாத்தியா, என்மேல இருக்கிற பாசத்துல காபியையே விட்டுட்டா" என்றது ஃபில்டர்.

ஆறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மங்கை பரீட்சைத் தாள் கட்டோடு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தாள். ஏகாம்பரம் தனக்குக் காபி போட்டு முடித்தார். அழகாக வந்திருந்தது, நுரைகூட நின்றிருந்தது. ஆனால் பார்த்துப் பாராட்ட யாரும் இல்லை. வேலவமூர்த்தி இப்போதெல்லாம் போனே எடுப்பதில்லை. அவர் சுற்றும்முற்றும் பார்த்தார். இன்னொரு குப்பியைப் போட்டார். கைக்கு எட்டிய நசுங்கின டம்ளரில் பிடித்து, பாலும் சர்க்கரையும் சேர்த்து, எடுத்துக்கொண்டு போனார்.

"மங்கை, இந்தா."

அவள் நிமிர்ந்தாள். டம்ளரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். கையை நீட்ட அவளுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய். சிவப்புப் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

"நல்லா இருக்குங்க."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான்."

சமையலறையில் ஃபில்டர் கொதித்தது. "பொய்! அந்தத் தண்ணிக் காபியைப் போய் நல்லா இருக்குன்னு சொல்றா. புருஷன் மனசு நோகக் கூடாதேன்னு பொய் சொல்றா!"

டம்ளர் கழுவப்பட்டு மேடைக்குத் திரும்பி வரும்வரை அது புலம்பிக்கொண்டே இருந்தது.

"அண்ணே" என்றது டம்ளர். "அவ பொய் சொல்லல. அவ உதடு பட்ட டம்ளர் நான். எனக்குத் தெரியும்."

"என் காபி குடிச்சு வளர்ந்த நாக்கும்மா அது! அதுக்கா ருசி தெரியாது?"

"உங்க காபியை அவ எப்பண்ணே குடிச்சா?"

ஃபில்டருக்குப் புரியவில்லை. டம்ளர் மெதுவாகத்தான் பேசியது. குத்திக்காட்டும் எண்ணம் அதற்கு இல்லை.

"முதல் டிகாஷன் அவருக்குப் போகும். வேலவமூர்த்தி வந்தா அவருக்குப் போகும். கீழ் வீட்டுக்காரங்க வந்தா அவங்களுக்கு. அப்புறம் அதே சக்கைமேல இன்னொரு தடவை வெந்நீர் ஊத்துவா. உங்ககிட்டேயிருந்து ரெண்டாவதா இறங்குமே, அதுதான் எனக்குள்ள வரும். அதையும் இட்லிக்கு நடுவுல ஒரு வாய், சட்னிக்கு நடுவுல ஒரு வாய்னு நின்னுக்கிட்டே குடிப்பா. பாதிக்கு மேல நான் ஆறிப்போயிடுவேன். இன்னிக்குத்தான்ணே நான் கடைசி வாய் வரைக்கும் சூடா இருந்தேன்."

இருபத்திரண்டு வருஷத்தை ஃபில்டர் ஒருதரம் நினைத்துப் பார்த்தது. இரண்டாம் டிகாஷன் இறக்கும்போதெல்லாம் அது அரைத் தூக்கத்தில் இருந்திருக்கிறது. அது யாருக்குப் போகிறது என்று கேட்கத் தோன்றியதே இல்லை.

"அப்ப என்னைவிட அவனோடது..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டது.

"கொஞ்சம் திக்காவே இருந்துச்சுண்ணே" என்றது டம்ளர்.

அதன்பிறகு மிஷின் உறுமும்போது ஃபில்டர் முகம் சுளிப்பதை விட்டுவிட்டது.

குப்பிகள் மூன்று வாரத்தில் தீர்ந்தன. திண்டுக்கல்லில் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. போனில் தேடி விலையைப் பார்த்த ஏகாம்பரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். விலை மாறவில்லை.

"ஒரு வாய் காபிக்கா இது? சுத்த வேஸ்ட்" என்றார். "பெட்டியில போட்டு மூடிடலாம் மங்கை. நம்ம ஃபில்டர் இருக்கவே இருக்கு. அந்த ருசி வருமா?"

மூன்று வாரத்துக்கு முன்னால் இதைக் கேட்டிருந்தால் ஃபில்டர் துள்ளியிருக்கும். இப்போது அது மங்கையின் முகத்தைப் பார்த்தது. அவள், "சரிங்க" என்று மட்டும் சொன்னாள்.

மிஷினைத் துடைத்துப் பெட்டியில் இறக்கினார்கள். மூடுவதற்குள் ஃபில்டர் அவசரமாகக் கூப்பிட்டது. "தம்பி."

"சொல்லுங்க சார்."

"உன்னை ரொம்பக் கிண்டல் பண்ணிட்டேன்."

"பரவால்ல சார். என் காபி சுமார்தான், எனக்குத் தெரியும். செலவும் ஜாஸ்தி, சத்தமும் ஜாஸ்தி, குப்பையும் ஜாஸ்தி. ஒரே ஒரு விஷயம்தான் என்கிட்ட இருந்துச்சு. பரிசா வந்ததால, என்னைத் தன்னோட சாமான்னு அவர் நினைச்சாரு. அதனால எழுந்து வந்தாரு." மிஷின் கொஞ்சம் தயங்கியது. "நான் போறேன் சார். அவரைத் திரும்ப உக்கார விட்டுடாதீங்க."

பெட்டி மூடிக்கொண்டது.

மறுநாள் காலை ஹாலில் பேப்பர் விரியும் சத்தம் கேட்டது. "மங்கை, காபி" என்று மெதுவாக ஒரு குரல்.

மங்கை பொடி போட்டாள், குடையை வைத்து அமுக்கினாள், வெந்நீர் ஊற்றினாள். ஃபில்டர் தன் துளைகள் அத்தனையையும் இறுக்கி மூடிக்கொண்டது. ஒரு சொட்டுகூட விடவில்லை. ஐந்து நிமிஷம் ஆயிற்று, பத்து நிமிஷம் ஆயிற்று. அவள் தட்டினாள், லேசாகச் சுற்றினாள்.

"என்னடா ஆச்சு உனக்கு?" என்று அவள் கேட்டபோது ஃபில்டருக்கு உயிரே போய்விடும்போல இருந்தது. ஆனாலும் அடக்கிக்கொண்டது.

ஆறரைக்குப் பள்ளி வேன் வந்துவிடும். மங்கை கடிகாரத்தைப் பார்த்தாள். ஹாலைப் பார்த்தாள். என்ன நினைத்தாளோ, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"டிகாஷன் இறங்கலைங்க. எனக்கு நேரமாச்சு, குளிக்கப் போறேன். இறங்கினதும் நீங்களே கலந்துக்குங்க."

பேப்பர் மடங்கும் சத்தம். பிறகு செருப்புச் சத்தம்.

ஏகாம்பரம் சமையலறைக்கு வந்து, மிஷினுக்குக் குனிந்தது போலவே இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி ஃபில்டருக்கு முன்னால் குனிந்தார். முன்பக்கம் பார்த்தார். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். பட்டனைத்தான் தேடுகிறார் என்று ஃபில்டருக்குப் புரிந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு சொட்டு விட்டது.

"அட" என்றார் ஏகாம்பரம்.

இன்னொரு சொட்டு. அதன் பிறகு ஃபில்டர் தன் வாழ்நாளில் முதல் தடவையாக அவசரப்பட்டது. கடகடவென்று இறக்கியது. கறுகறுவென்று, பாகு மாதிரி, சமையலறை முழுக்க மணக்கும் டிகாஷன். ஏகாம்பரத்துக்குப் பால் பொங்காமல் சுட வைக்க இப்போது தெரியும். வைத்தார். முதல் டிகாஷன், இரண்டாம் டிகாஷன் என்று ஒரு ஏற்பாடு இருப்பதே அவருக்குத் தெரியாது. இருந்ததை அப்படியே இரண்டு டம்ளரில் சரிபாதியாக ஊற்றினார்.

மங்கை தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது காபி மேஜைமேல் இருந்தது. உட்கார்ந்தாள். ஒரு வாய் குடித்ததும் அவள் கண் அகன்றது. டம்ளருக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ஏன், சரியா வரலையா?" என்றார் ஏகாம்பரம் பயந்துகொண்டு.

"இல்லைங்க... நம்ம ஃபில்டர் காபி இவ்வளவு நல்லா இருக்குமா?"

"தினமும் குடிக்கிறதுதானே?" என்றார் அவர்.

அவள் இன்னொரு வாய் குடித்தாள். கீழே பள்ளி வேன் வந்து ஹாரன் அடித்தது. டம்ளரில் இன்னும் பாதி இருந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. மறுபடியும் ஹாரன்.

ஏகாம்பரம் பால்கனிக்குப் போய், இருபத்திரண்டு வருஷத்தில் அந்த வீட்டில் யாரும் கேட்டிராத சத்தத்தில் கத்தினார்:

"இருப்பா! டீச்சர் காபி குடிக்கிறாங்க!"