வாளைப் பிடுங்கிய சுரங்கம்

முன்னொரு காலத்தில் கருமலை நாட்டை அதிசூரன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். குதிரைக்குப் போடும் கடிவாளத்தைக் கோபத்துக்குப் போடத் தெரியாத மனிதர். ஒருநாள் சபையில் மீசையை முறுக்கிக்கொண்டு, "என் கட்டளை இல்லாமல் இந்த நாட்டில் ஒரு துரும்பும் அசையாது!" என்றார்.

எல்லாரும் தலையாட்டினார்கள். மந்திரி கூத்தபிரானுக்கு மட்டும் பாழாய்ப்போன சிரிப்பு வந்துவிட்டது. அவரைக் கண்டாலே வயிறெரியும் தளபதி மழவரையர் சும்மா விடுவாரா? "அரசே, மந்திரியார் சிரிக்கிறார்!" என்று போட்டுக்கொடுத்தார்.

"அப்படியா சேதி! காற்று, மழை என்று சாக்குச் சொல்லக் கூடாது, மந்திரியாரே. என் சபையில் இருக்கும் ஒரு பொருள் என் கட்டளையை மீறட்டும். நாளைக்குள் காட்டாவிட்டால் நீர் நாட்டைவிட்டே போய்விட வேண்டும்!"

கூத்தபிரான் யோசித்தபடியே வீட்டுக்கு நடந்தார். இந்த வயதில் எங்கே போவது? அப்போதுதான் மலையடிவாரத்தில் யாரும் சீந்தாமல் கிடந்த இரும்புச் சுரங்கம் நினைவுக்கு வந்தது. ஒருமுறை மழைக்கு அதில் ஒதுங்கியபோது, அவருடைய பாக்குவெட்டியைச் சுவர் இழுத்துப் பிடித்துக்கொண்டது. அத்தனையும் காந்தக் கல்! ஆனால் பாக்குவெட்டியை இழுத்த கல் பெரிய இரும்பை இழுக்குமா? அது அவருக்கும் தெரியாது.

மறுநாள் சபையையே அங்கே கூட்டிப்போனார்.

"இந்தப் பாழுங்குழியில் என்னய்யா இருக்கிறது?" என்று இளித்தார் தளபதி.

"உம் வாளைச் சுவர்ப் பக்கம் நீட்டும். அசையக் கூடாது என்று அரசர் அதற்குக் கட்டளையிடட்டும்."

"அசையாதே!" என்றார் ராஜா.

வாள் நடுங்கியது. தளபதி இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார். அது கையைவிட்டுப் பாய்ந்து, 'டணார்' என்று சுவரில் ஒட்டிக்கொண்டது.

கூத்தபிரானுக்கே உடம்பு சிலிர்த்தது. கையில்லாத வெறும் கல்லுக்குள் இவ்வளவு பலமா என்று வாய்பிளந்து நின்றார்.

"விழு!" என்று கத்தினார் ராஜா. வாள் விழவில்லை. தளபதி சுவரில் காலை ஊன்றி இழுத்தார். தலைப்பாகைதான் விழுந்தது.

ராஜாவின் முகம் வெளுத்தது. "ஒரே நாட்டில் இரண்டு ராஜாவா? இந்தக் குழியை இழுத்து மூடுங்கள்!"

"மூடலாம், அரசே. ஆனால் மண்வெட்டியும் கடப்பாரையும் இரும்புதானே. அவை யார் பக்கம் சேருமோ!"

ராஜா திகைத்தார். பிறகு சுரங்கம் அதிரச் சிரித்தார். கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தம் சால்வையை எடுத்து மந்திரிக்குப் போர்த்தினார்.

"அரசே, என் வாள்?" என்று முனகினார் மழவரையர்.

"விழச் சொல்லிவிட்டேனே, கேட்கவில்லையா? அது என் சொல்லுக்குக் கீழ்ப்படியும்வரை நீர் இங்கேயே காவல் இரும்!"