கயிற்றோடு வந்த சீனியம்மா

காலையிலிருந்து வலித்தும் தாமரைக்குப் பிள்ளை பிறந்தபாடில்லை. உதடு வெளுத்து, கண் செருகத் தொடங்கிவிட்டது. வாசலை மறித்து நின்ற மாமனார் சொக்கலிங்கமோ, "நம்ம வம்சமே வீட்டுலதான் பொறந்துச்சு. ஆஸ்பத்திரின்னு எவனாவது பேசினா நாக்கை அறுப்பேன்!" என்று கத்தினார். அவர் மகன், தாமரையின் கணவன், தலையைக் குனிந்துகொண்டு திண்ணையில் உட்கார்ந்தான்.

அந்த வீட்டில் மாடு பார்க்கும் சீனியம்மா தொழுவத்துக்கு ஓடி, பசுவின் கயிற்றை அவிழ்த்து வந்து அவரிடம் நீட்டினாள்.

"இதைத் தாமரை சின்னம்மா கழுத்துல கட்டிவிடுங்க, ஐயா."

"என்னடி திமிரு?"

"போன மாசம் பசுவுக்குக் கன்னு வயித்துலயே சிக்கினப்போ, 'உசிரு போயிரும், டாக்டர்கிட்ட ஓட்டுடா'ன்னு நீங்கதானே லோடு வண்டியில முன்னால ஏறி உக்காந்தீங்க? கயிறு கட்டினா இவங்களையும் ஏத்துவீங்கல்ல?"

கூடியிருந்த சனம் அவரையே பார்த்தது. அவர் கை தானாக மடியைத் துழாவி வண்டிச் சாவியை எடுத்தது.

ஆஸ்பத்திரியில் குழந்தை வீலென்று அழும்வரை சீனியம்மா அந்தக் கயிற்றைக் கையிலிருந்து விடவே இல்லை.