பக்கத்து அறை

ஒரு விடுகதை. உள்ளே வருகிறவர் எழுந்து நின்று தன் குற்றத்தைத் தானே சொல்வார். சொன்னதும் சுற்றி இருப்பவர்கள் கை தட்டுவார்கள். கோர்ட்டும் அல்ல, நாடக மேடையும் அல்ல. அது எந்த இடம்?

குடியை விட நினைப்பவர்கள் வாராவாரம் கூடிப் பேசுகிற அறை என்று சொன்னீர்களானால், சரியான விடை. மைக் செட் திருமூர்த்திக்கும் விடை தெரிந்துதான் இருந்தது. எந்த அறை என்பதுதான் தெரியவில்லை.

உடுமலைப் பக்கம் கல்யாணங்களுக்கு மைக் செட் வைப்பவர் அவர். கல்யாணம் முடிந்தால் குடிப்பார். மறுநாள் யாராவது தேடி வந்தால், ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகள் பொன்மணி வாசலில் நின்று, "அப்பாவுக்குக் காய்ச்சல்" என்பாள். அதை அவள் சொல்கிற அழகில், எதிர்வீட்டு அம்மா ஒருநாள் நிலவேம்புக் கஷாயமே காய்ச்சிக் கொண்டுவந்துவிட்டார்.

"ராத்திரியெல்லாம் நடுக்கம்ங்க அத்தை. போர்வை பத்தல" என்று மகள் சொல்வதைத் திருமூர்த்தி உள்ளே படுத்தபடி கேட்டார். கஷாயத்தைக் குடித்தார். பிறகு போனை எடுத்து, குடியை விட உதவுவதாகச் சுவரொட்டியில் போட்டிருந்த எண்ணுக்கு அடித்தார்.

மறுமுனையில் பேசியவர் நவநீதன். கோழித் தீவனக் கடை வைத்திருப்பவர். குடியை விட்டுச் சில வருடங்கள் ஆகின்றன.

"வியாழக்கிழமை சாயங்காலம் சமுதாயக் கூடத்துக்கு வாங்கண்ணா. நாற்காலியை வட்டமாப் போட்டிருப்போம். டீ குடுப்போம். கூச்சப்படாம எந்திரிச்சுப் பேரைச் சொல்லுங்க. இங்க சொல்றது வெளிய போகாது."

திருமூர்த்தி போனார். நாற்காலிகள் வட்டமாக இருந்தன. டீயும் கொடுத்தார்கள். அவர் தலை நிமிராமல் உட்கார்ந்தார்.

"புதுசா வந்திருக்கீங்க. உங்க பிரச்சினையைச் சொல்லுங்க" என்றது ஒரு குரல்.

அவர் எழுந்தார். "என் பேரு திருமூர்த்தி. மைக் செட் வெக்கிறவன். நான் ஒரு குடிகாரன். என்னால விட முடியலைங்க."

யாரும் கை தட்டவில்லை.

"தம்பி, இது குடியிருப்போர் சங்கம். நாங்க சாக்கடை அடைப்பைப் பத்திப் பேசிட்டிருக்கோம்" என்றார் ஒரு பெரியவர்.

"நீங்க சொல்றது பக்கத்து ரூமுங்க" என்றார் மூலையில் இருந்த ஒருவர்.

"உமக்கெப்படிய்யா தெரியும்?"

"மச்சான் போறானுங்க" என்று சொல்லிவிட்டு அவர் அவசரமாக டீயைக் குடித்தார்.

சிரிப்புச் சத்தத்துக்கு நடுவே திருமூர்த்தி நிமிர்ந்து பார்த்தார். எதிரே பொன்மணியின் வகுப்புத் தோழி ஹர்ஷினியின் அம்மா உட்கார்ந்திருந்தார்.

பக்கத்து அறையில் அவர் இரண்டாவது முறையாகத் தன் பெயரைச் சொன்னார். மகள் வாசலில் சொல்லும் காய்ச்சலைப் பற்றியும் சொன்னார். எல்லோரும் ஒரே குரலில் வணக்கம் சொன்னார்கள், கை தட்டினார்கள். புதிதாக வருகிறவருக்கு ஒரு பழைய ஆள் துணை இருப்பது அங்கே வழக்கம். அவருக்கு நவநீதன் அமைந்தார். தன்னைவிடப் பத்து வயதாவது இளையவர் என்று பார்த்ததும் திருமூர்த்திக்குச் சிரிப்பு வந்தது. "சரிங்க குருவே" என்றார். அதிலிருந்து அதுவே பெயராகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை நவநீதன் வீட்டுக்கு வந்தார்.

"இங்க சொன்னா வெளிய போகாதுன்னீங்களே குருவே. ஊரெல்லாம் போயிருச்சே!"

"எங்க ரூம்ல சொன்னாப் போகாதுங்கண்ணா. சாக்கடை சங்கத்துக்கு நான் எப்படிப் பொறுப்பாக முடியும்?"

திருமூர்த்திக்குச் சிரிப்பு வரவில்லை. "எனக்கு ஆனது ஆகட்டும். வெள்ளிக்கிழமை லீவாப் போச்சு. நாளைக்குப் புள்ள ஸ்கூலுக்குப் போகணுமே. மூணு நாளா எங்கிட்டப் பேசவும் மாட்டேங்குறா. என்ன பண்ணட்டும், சொல்லுங்க."

"நீங்க என்ன பண்ணலாம்னு இருக்கீங்க?"

"அந்த அம்மாகிட்டப் போய், அன்னைக்கு எனக்குக் கடுமையான காய்ச்சல், என்னமோ உளறிட்டேன்னு சொல்லிடலாம்னு பாக்குறேன்."

நவநீதன் அவரையே பார்த்தார்.

"பொழுதுக்கும் அதே காய்ச்சல்தானாங்கண்ணா?"

அதற்குள் வாசலில் சைக்கிள் மணி கேட்டது. ஹர்ஷினி வந்திருந்தாள். பொன்மணி வெளியே போனாள். ஜன்னல் திறந்திருந்தது.

"ஏய் பொன்மணி, உங்கப்பா குடிப்பாராமா? எங்கம்மா சொன்னாங்க. நீ காய்ச்சல்னுதான சொல்லுவ?"

திருமூர்த்தி துள்ளி எழுந்தார். வேட்டியை இறுக்கிக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்தவரின் சட்டையை நவநீதன் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார்.

"விடுங்க குருவே! புள்ள என்னன்னு பதில் சொல்லுவா? நான் போய் ஏதாவது சொல்லிச் சமாளிக்கிறேன்."

"உக்காருங்கண்ணா" என்றார் நவநீதன் மெதுவாக. "இத்தனை நாளா உங்களைக் கேட்டதுக்கெல்லாம் அவ பதில் சொன்னா. இன்னைக்கு அவளைக் கேக்குறாங்க. அவ நெனைக்கிறதை அவளே சொல்லட்டும்."

திருமூர்த்தி உட்கார்ந்தார்.

வாசலில் சைக்கிள் மணி இன்னொரு தடவை அடித்தது.

பொன்மணி, "ஆமா, குடிப்பாரு. இப்ப அதுக்கு ஒரு கூட்டத்துக்குப் போறாரு" என்று சொல்லிவிட்டு, ஹர்ஷினியின் சைக்கிளில் பின்னால் ஏறிக்கொண்டாள்.